பவளத்தின் நிறம் படத்தில் ஒன்று, தொட்டியில் ஒன்று: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் உயிருடன் வளரும் பவளத்தின் நிறம் மாறிவிட்டதாகத் தோன்றும்போது உண்மையில் மாறியிருக்கக்கூடியவை மூன்று: பவளம், அதன்மேல் விழும் ஒளி, அதை எடுத்த படம். இம்மூன்றில் நொடியில் மாறுவது படம். வாரக்கணக்கில் மெல்ல மாறுவது பவளம். ஆனால் நம்மில் பலரும் தலைகீழாகத்தான் தொடங்குகிறோம். படத்தைப் பார்த்துக் கலங்கி, விளக்கின் அளவைக் கூட்டியோ குறைத்தோ, தண்ணீரில் எதையாவது ஊற்றியோ, நலமாக இருந்த உயிரை வாட்டிவிடுகிறோம்.

நானே அப்படிச் செய்திருக்கிறேன். என் தொட்டியில் இருந்த ஆரஞ்சு நிற மான்டிபோரா வகைப் பவளத்தை ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு கைபேசிப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, இரண்டாவதில் அது வெளிறியிருந்தது. ஒளி மிகுந்துவிட்டது என்று முடிவு கட்டி விளக்கைக் கால்பங்கு குறைத்தேன். ஆறு வாரத்தில் அது உண்மையாகவே பழுப்பேறியது. அதன் பிறகுதான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பவளம் ஒட்டப்பட்டிருந்த வெள்ளைப் பீங்கான் அடிக்கட்டை முதல் படத்தில் ஆழ்ந்த நீலமாக இருந்தது. இரண்டாவதில் சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. முதல் படம் வெள்ளை விளக்குகள் அணைந்து நீல விளக்குகள் மட்டும் எரிந்த மாலையில் எடுத்தது. மற்றது நண்பகலில் எடுத்தது. பீங்கான் துண்டு தெளிவாகச் சொன்னதை நான் கவனிக்காமல் விட்டதால் பவளம் மூன்று மாதம் சிரமப்பட்டது. கீழே உள்ள வழிமுறை அந்தத் தவற்றிலிருந்து பிறந்தது. வரிசை எப்போதும் ஒன்றே: முதலில் படத்தைச் சோதியுங்கள், அடுத்து விளக்கை, கடைசியாகத்தான் பவளத்தை.

நிறம் எங்கிருந்து வருகிறது

பவளத்தின் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் பழுப்பு நிறம் தருகின்றன. பளிச்சிடும் பச்சையும் ஆரஞ்சும் சிவப்பும் பெரும்பாலும் பவளமே உருவாக்கும் ஒளிரும் புரதங்களின் வேலை. இவை பெரும்பாலும் நீல ஒளியை உள்வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியாக வெளிவிடுகின்றன. இவ்வகைப் புரதம் முதன்முதலில் 1962-இல் ஒரு ஜெல்லிமீனில் கண்டறியப்பட்டது. அது தொடர்பான பணிக்கு 2008-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. டிஸ்கோசோமா என்னும் காளான் பவளத்திலிருந்து 1999-இல் அறியப்பட்ட சிவப்புப் புரதம் 558 நானோமீட்டர் (அலைநீளத்தின் அலகு) ஒளியை வாங்கி 583 நானோமீட்டரில் ஒளிர்கிறது. மூன்றாவது வகை குரோமோபுரதங்கள். இவை தாமாக ஒளிர்வதில்லை; சாயத்தைப் போல ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பியனுப்புகின்றன. இளஞ்சிவப்பு, ஊதா, நீல நிற அக்ரோபோரா வகைப் பவளங்களின் நிறம் பெரும்பாலும் இவற்றால் வருவது.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒளிரும் நிறம் நீல விளக்கில் பொலியும். சாய நிறம் வெள்ளை விளக்கில்தான் தெரியும். ஒரே பவளத்தில் இரண்டும் இருக்கலாம். ஆகவே 'இதன் உண்மையான நிறம் எது' என்ற கேள்விக்கு, எந்த விளக்கின் கீழ் என்று சொல்லாமல் விடையளிக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்: ஆதாரப் படம்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஓர் ஆதாரப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் உட்புறமும் வெளிப்புறமும் துடைத்து, நீரோட்டப் பம்புகளைச் சில நிமிடம் நிறுத்தி, அறை விளக்கை அணைத்து, தொட்டி விளக்கில் வெள்ளையை மட்டும் எரியவிட்டு, நீலத்தையும் ஊதாவையும் இயன்றவரை குறைத்துவிடுங்கள். பவளத்தின் அருகே, அதே உயரத்தில், அதே ஒளியில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வையுங்கள். கேமராவைக் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியும் நீரும் ஒளியை வளைத்து ஓரங்களில் நிறங்களைப் பிரித்துவிடும். பத்து நிமிடம் ஒளி மாறியிருப்பதால் பவளத்துக்குத் தீங்கில்லை.

அந்த வெள்ளைத் துண்டு படத்தில் வெள்ளையாகவோ நடுநிலைச் சாம்பலாகவோ வந்தால் மட்டுமே அது ஆதாரப் படம். இதே முறையில், இதே இடத்திலிருந்து, மாதம் ஒன்று எடுத்து வைத்தால் போதும். பவளம் மாறியதா என்ற கேள்விக்கு இதைவிட நம்பகமான சான்று வீட்டில் கிடைக்காது. கண்ணை மட்டும் நம்ப முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. நீல ஒளியில் கால் மணி நேரம் தொட்டியின் முன் அமர்ந்துவிட்டு எழுந்தால் அறையே மஞ்சளாகத் தெரியும். அதாவது கண் அந்த நீலத்தைக் கழித்துப் பார்க்கப் பழகிவிட்டது.

அறிகுறி: படம் முழுவதும் நீலமாக இருக்கிறது, பவளம் கறையாகத் தெரிகிறது

மிகுதியாகக் காணப்படும் கோளாறு இதுதான். இதில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிழைகள் உள்ளன. ஒன்றை மட்டும் சரி செய்தால் படம் தேறாது.

முதலாவது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளைப் பொருள் படத்தில் வெள்ளையாகவே வரும்படி நிறத்தைச் சரி செய்யும் அமைப்பு. கேமராவின் தானியங்கி முறை பகல் வெளிச்சத்தையும் வீட்டு விளக்கையும் எதிர்பார்த்து உருவாக்கப்பட்டது. 450 நானோமீட்டரில் உச்சம் கொண்ட ராயல் புளூ எல்இடிகள் நிறைந்த தொட்டியை அதனால் வெள்ளையாக்க முடியாது. பல கேமராக்களில் கையால் அமைக்கும் அளவும் 10000 கெல்வினில் நின்றுவிடும். அதோடு, கெல்வின் என்பது சூடான பொருள் வீசும் ஒளியை வைத்து வந்த அளவு. எல்இடி விளக்கின் நிறக் கலவை அந்த அளவுகோலில் அமைவதில்லை. அதனால் கெல்வினை எவ்வளவு ஏற்றினாலும் இளஞ்சிவப்போ பச்சையோ மிஞ்சி நிற்கும். அதைத் தீர்ப்பது, பச்சைக்கும் இளஞ்சிவப்புக்கும் இடையே நிறத்தை நகர்த்தும் டின்ட் என்னும் இரண்டாவது அமைப்பு. படத்தை ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால் லைட்ரூம் போன்ற மென்பொருளில் 50000 கெல்வின் வரை செல்லலாம். ஜேபெக் கோப்பில் நிறங்கள் ஏற்கெனவே இறுக்கப்பட்டுவிட்டதால் அவ்வளவு தூரம் இழுத்தால் பட்டை பட்டையாகப் பிளவுபடும்.

இரண்டாவது, நீலம் நிரம்பி வழிவது. இது கண்ணுக்குப் பிடிபடாத பிழை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படத்தின் பிரகாசத்தைக் கணக்கிடும் வழக்கமான முறையில் பச்சைக்கு ஏறத்தாழ 72 விழுக்காடும், சிவப்புக்கு 21 விழுக்காடும், நீலத்துக்கு 7 விழுக்காடும் மட்டுமே எடை தரப்படுகிறது. ஆகவே நீலம் மட்டும் நிறைந்த காட்சியைக் கேமரா 'இருட்டு' என்று எண்ணி ஒளியைக் கூட்டுகிறது. அதற்குள் நீலப் புள்ளிகள் உச்சத்தைத் தொட்டு, அவற்றில் இருந்த நுணுக்கம் அழிந்துவிடுகிறது. படம் பார்ப்பதற்கு மிகையாக வெளுத்ததாகவும் தெரியாது. நீலப் பூச்சு பூசியது போல் தட்டையாக மட்டுமே இருக்கும். படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நீலக் கோடு வலப்புறச் சுவரில் ஒட்டியிருந்தால் கேமராவின் எக்ஸ்போஷரை (உள்ளே விடும் ஒளியின் அளவை) ஒரு நிலையோ இரண்டு நிலையோ குறைத்து மீண்டும் எடுங்கள். படம் இருண்டு வந்தாலும் கவலை வேண்டாம். இருட்டைப் பின்னர் ஓரளவு மீட்கலாம், நிரம்பி வழிந்ததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

மூன்றாவது, தெளிவின்மை. கேமராவின் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால்பங்கு சிவப்புக்கும், கால்பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். நீல ஒளியில் மட்டும் எடுத்தால் பெரும்பாலும் அந்தக் கால்பங்குதான் வேலை செய்கிறது. மற்றவற்றில் பெருமளவு இரைச்சலே பதிவாகிறது. அதை மென்பொருள் கொண்டு ஏற்றும்போது சிவப்புப் பகுதிகளில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும்.

மூன்றுக்கும் பொதுவான தீர்வு, படம் எடுக்கும் நேரத்துக்கு வெள்ளை விளக்கைக் கூட்டுவதே. விளக்கை மாற்ற இயலாவிட்டால் லென்சின்மேல் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வடிகட்டி வைக்கலாம். மிகையான நீலத்தை அது வாசலிலேயே தடுத்துவிடும். ஆனால் அந்த வடிகட்டி வேறொரு வேலையும் செய்கிறது. அடுத்த அறிகுறியின் வேர் அதில்தான் இருக்கிறது.

அறிகுறி: விற்பனைப் படத்தில் ஒளி வீசிய பவளம் வீட்டுக்கு வந்ததும் மங்கலாக இருக்கிறது

இதற்கு உடனே 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று சொல்லிவிடுவது எளிது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் படத்தில் எதையும் கூட்டாமலே இந்த வேறுபாடு வரக்கூடும் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முழு நீல ஒளியில் பவளத்தை வைத்து, மஞ்சள் வடிகட்டி வழியே எடுத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விளக்கிலிருந்து பவளத்தின்மேல் பட்டுத் திரும்பும் நீலத்தை வடிகட்டி நிறுத்திவிடுகிறது. பவளம் தானே வெளிவிடும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு ஒளி மட்டும் தடையின்றி உள்ளே வருகிறது. பாறை, மணல், பழுப்புத் திசு எல்லாம் இருளில் பின்வாங்க, ஒளிரும் பகுதிகள் மட்டும் கனல் போல நிற்கின்றன. ஆய்வுக்கூடங்களில் ஒளிரும் புரதத்தைப் பார்க்கப் பயன்படுத்துவதும் இதே ஏற்பாடுதான். படம் பொய்யில்லை, ஆனால் வடிகட்டி அணியாத கண்ணால் எந்தத் தொட்டியிலும் அந்தக் காட்சியைக் காண முடியாது.

ஆகவே வாங்குவதற்கு முன் படத்தில் பவளத்தைப் பார்க்காமல் சுற்றியிருப்பவற்றைப் பாருங்கள். அடிக்கட்டை, தாங்கும் வெள்ளைத் தட்டு, மணல், பிடித்திருக்கும் விரல் ஆகியவற்றின் நிறம் நமக்கு முன்பே தெரியும். வெள்ளைத் தட்டு வெள்ளையாக இருந்து பவளமும் பொலிந்தால் அந்தப் படத்தை நம்பலாம். தட்டு ஆழ்ந்த நீலமாக இருந்தால் அது நீல விளக்குப் படம். தட்டு மஞ்சள் கலந்த பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் வடிகட்டி இருந்திருக்கலாம். பாறையின் ஊதாப் பாசி பளீரென்ற செயற்கை இளஞ்சிவப்பாக இருந்தால் சாச்சுரேஷன் (நிறச்செறிவு) ஏற்றப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். சுற்றியுள்ள அனைத்தையும் வெட்டி, கறுப்புப் பின்னணியில் பவளத்தை மட்டும் காட்டும் படத்திலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது. வெள்ளை விளக்கில் எடுத்த இன்னொரு படத்தைக் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் அதைத் தரத் தயங்கமாட்டார்.

பவளம் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? இரவில் நீல விளக்கை மட்டும் எரியவிட்டு, மஞ்சள் வடிகட்டித் தாள் ஒன்றைக் கண்முன் பிடித்துப் பாருங்கள். படத்தில் ஒளிர்ந்த அதே இடங்கள் ஒளிர்ந்தால் புரதம் அங்கே இருக்கிறது. மாறியது விளக்கு மட்டுமே. ஒளிரவே இல்லையென்றால், ஒன்று படம் திருத்தப்பட்டது, அல்லது பவளம் பயணத்தில் களைத்திருக்கிறது. இரண்டாவதற்கு வாய்ப்பளித்து, ஒரு மாதமாவது இடம் மாற்றாமல் காத்திருந்து, ஆதாரப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

சில பவளங்களில் விளக்கின் ஊதாப் பகுதியே நிறத்தைத் தீர்மானிக்கிறது. டிராக்கிபில்லியா என்னும் திறந்த மூளைப் பவளத்திலிருந்து 2002-இல் விவரிக்கப்பட்ட புரதம் ஒன்று, 400 நானோமீட்டரை ஒட்டிய ஒளி பட்டதும் பச்சையிலிருந்து சிவப்பாக மாறிவிடுகிறது, மீண்டும் பச்சையாவதில்லை. மேப்பிள் இலை என்னும் பொருளில் அதற்கு ஜப்பானிய மொழியில் பெயரிட்டார்கள், இலையுதிர் காலத்து இலை சிவப்பதைப் போல. இத்தகைய பவளம் ஊதா எல்இடி இல்லாத தொட்டிக்கு வந்தால், புதிதாக உருவாகும் புரதம் பச்சையாகவே தங்கி, சிவப்பு நாளடைவில் குறையக்கூடும். அங்கே பிழை படத்திலும் இல்லை, பவளத்திலும் இல்லை.

அறிகுறி: ஊதா அக்ரோபோரா நீல விளக்கில் கறுத்துப் போகிறது

இதில் கோளாறு எதுவும் இல்லை. குரோமோபுரதம் திருப்பியனுப்ப வேண்டிய நிறம் விளக்கில் இல்லாததால் அது இருண்டு தெரிகிறது. வெள்ளையைச் சற்றுக் கூட்டினால் ஊதா திரும்பிவிடும். படத்தில் அதை வெளிக்கொணர சாச்சுரேஷனை ஏற்றுவது வீண். பதிவாகாத நிறத்தை ஏற்ற முடியாது.

அறிகுறி: திருத்திய படத்தில் சிவப்பு இளஞ்சிவப்பாகிறது, பச்சை மஞ்சளாகிறது

நீலத்தை அகற்றும் ஆர்வத்தில் நீல நிறத்தின் ஹியூ (நிறச்சாயல்) அமைப்பைச் சுழற்றுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒயிட் பேலன்ஸ் படம் முழுவதற்கும் ஒரே திருத்தத்தைச் செய்கிறது. ஹியூ ஒரு நிறத்தை மட்டும் பிடுங்கி வேறிடத்தில் நடுகிறது. தொட்டிப் படத்தில் நீலம் எல்லா நிறத்திலும் கலந்திருப்பதால் அந்தச் சுழற்சி எல்லாவற்றையும் பாதிக்கும். நான் பின்பற்றும் முறை இது: வெள்ளைத் துண்டை மென்பொருளின் சொட்டிப்பான் கருவியால் தொட்டு ஒயிட் பேலன்ஸ், பிறகு டின்ட், பிறகு பிரகாசம், கடைசியில் தேவையானால் மட்டும் சிறிதளவு வைப்ரன்ஸ் (மங்கிய நிறங்களை மட்டும் தூக்கும் அமைப்பு). ஹியூவைத் தொடுவதில்லை. பாலிப்பின் (பவளத்தின் சிறு உயிரலகு) நுனியில் இருக்கும் மெல்லிய கோடுகள் ஒரே நிறத் திட்டாக ஒன்றிப் போனால் சாச்சுரேஷன் அளவு மீறிவிட்டது என்று பொருள், அங்கிருந்து பின்வாங்குங்கள்.

திருத்தும்போது தொட்டியும் அதே விளக்கில் எதிரில் இருக்கட்டும். திரையின் இரவு முறையோ, கண்ணுக்கு இதமான மஞ்சள் முறையோ இயங்கினால் முதலில் அணைத்துவிடுங்கள். அவை இயங்கும்போது திருத்திய படம் மறுநாள் நீலமாகத் தெரிவதில் வியப்பில்லை. பிறருக்கு அனுப்பும் படத்தை, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற வரம்பாகிய எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமியுங்கள். விரிந்த நிறவெளியில் சேமித்ததைப் பழைய திரைகள் தவறாகக் காட்டிவிடும். கைபேசிகளில் இன்னொரு தொல்லை உண்டு: காட்சியைத் தானே அடையாளம் கண்டு நிறத்தை ஏற்றும் வசதி, ஒரே பவளத்துக்கு அடுத்தடுத்த இரு படங்களில் இரு நிறம் தரும். அதையும் அணைத்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: படத்தில் குறுக்கே கருங்கோடுகள்

எல்இடியை மங்கவைக்கச் சில விளக்குகள் அதை மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், அல்லது படம் எடுக்கும் நேரத்துக்கு விளக்கை முழு அளவில் எரியவிடுங்கள், கோடுகள் மறைந்துவிடும்.

அறிகுறி: ஆதாரப் படத்திலும் நிறம் மாறியிருக்கிறது

வெள்ளைத் துண்டு இரு படங்களிலும் ஒன்றுபோல் இருந்து, பவளம் மட்டும் வேறாக இருந்தால் இப்போது தொட்டியைக் கவனிக்கலாம்.

பழுப்பேறுதல் என்றால் பாசிகள் பெருகிவிட்டன அல்லது பவளம் தன் நிறப் புரதத்தைக் குறைத்துக்கொண்டது. ஒளி குறைவதும், நீரில் கரைந்த சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். நீல ஒளி இந்தப் புரதங்களின் உற்பத்தியையே தூண்டுகிறது என்பது பல பவளங்களில் காட்டப்பட்டிருப்பதால், நீலத்தை வெறும் அலங்காரமாகக் கருத வேண்டாம். ஒளியை அளக்க லக்ஸ் மீட்டரையோ கைபேசிச் செயலியையோ நம்பாதீர்கள். லக்ஸ் என்பது பச்சையை மிகுதியாகக் காணும் மனிதக் கண்ணுக்கான அளவு என்பதால் நீல விளக்கை அது மிகக் குறைவாகக் காட்டும். பாசிகளுக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை எண்ணும் பார் (PAR) மீட்டரை இரவல் வாங்கியாவது அளந்து பாருங்கள். அந்த மீட்டர் காட்டும் எண்ணில் அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரையும், பெரிய பாலிப் பவளங்களுக்கு 50 முதல் 150 வரையும் வைப்பது வளர்ப்போர் வழக்கம்.

வெளிறுதலில் அவசரம் அதிகம். முதலில் வெப்பமானியைப் பாருங்கள். அடுத்து அண்மையில் விளக்கு மாற்றப்பட்டதா என்று பாருங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே அளவியில் சுழியம் காட்டினால் பவளம் பசியில் இருக்கிறது. ஒளியே காரணம் என்று தெரிந்தால் தயங்காமல் குறையுங்கள். கூட்டும்போது மட்டும் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செல்லாதீர்கள்.

படத்தில் ஏமாற்றும் வெளிறுதல் ஒன்றும் உண்டு. பாசிகளை இழந்த சில பவளங்கள் வெண்மையாவதற்குப் பதில் கண்ணைப் பறிக்கும் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறம் கொள்கின்றன. பாசி இல்லாத திசுவுக்குள் எலும்புக்கூட்டில் பட்டுச் சிதறும் ஒளி மிகுவதால், பவளம் தன்னைக் காக்க நிறப் புரதத்தைக் கூடுதலாக உருவாக்குகிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு விளக்கியது. ஆதலால் சில வாரங்களில் திடீரென்று அழகு கூடிய பவளத்தின் படத்தைப் பெருமையோடு பகிர்வதற்கு முன், பழுப்பு முற்றிலும் மறைந்திருக்கிறதா, திசு மெலிந்து எலும்பு தெரிகிறதா என்று அருகில் சென்று பாருங்கள்.

எல்லாப் பவளங்களும் ஒன்றுபோல மந்தமாகியிருந்தால் தண்ணீரே மஞ்சளித்திருக்கலாம். ஒரு வெள்ளை வாளியில் தொட்டி நீரும் இன்னொன்றில் புதிதாகக் கலந்த உப்புநீரும் எடுத்து, பகல் வெளிச்சத்தில் மேலிருந்து பாருங்கள். தொட்டி நீரில் தேநீர்ச் சாயல் தெரிந்தால், நீலத்தை அது வழியிலேயே விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் வடிகட்டும் கரி அதைத் தெளியவைக்கும். ஆனால் முழு அளவை ஒரே நாளில் போட்டால் தெளிந்த நீர் வழியே இறங்கும் கூடுதல் ஒளி பவளத்தைச் சுட்டுவிடும் என்பதால், பாதி அளவில் தொடங்கி, மறு பாதியை ஒரு வாரம் கழித்துச் சேர்த்துவிடுங்கள்.